வாசித்தவர் பெயரை எங்கே தேடுவது?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

இளையர்கள் மீண்டும் இசைத்தட்டு (வினைல்) வாங்கத் தொடங்கியிருப்பது பற்றி அண்மையில் தங்கள் வார இறுதிப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். செய்தி உண்மைதான். அமெரிக்காவில் 2022-ஆம் ஆண்டில் குறுந்தட்டுகளைவிட (சிடி) இசைத்தட்டுகள் எண்ணிக்கையில் அதிகம் விற்றன; 1987-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஆனால், இசைத்தட்டில் கேட்பதே கேட்பது, மற்றதெல்லாம் வெறுமனே காதில் விழுவது என்ற பொருள்பட அக்கட்டுரையில் இருந்த வரியை என்னால் ஏற்க இயலவில்லை. கைப்பேசியில் எல்லாம் கிடைக்கும்போது பழைய தட்டும் நாடாவும் எதற்கு என்று கேட்பவர்களோடும் எனக்கு உடன்பாடு கிடையாது. கடந்த சில மாதங்களாக ஒரே ஓர் இசைக்குழுவின் தொகுப்புகளை நானும் நண்பர்களும் பல வடிவங்களில் திரும்பக் கேட்டு வருகிறோம். அப்போது எங்கள் கண்ணில் பட்ட ஒரு குறை, ஒலியின் தரம் பற்றிய இந்த வழக்கைவிடப் பெரிதாகத் தோன்றுவதால் இதை எழுதுகிறேன்.

நாங்கள் கேட்டது, இந்திய மரபிசையையும் ஜாஸ் இசையையும் இணைத்த சக்தி குழுவை. அதில் தபலா வாசித்த ஜாகிர் உசேன் 2024 டிசம்பர் 15-ஆம் நாள் சான் பிரான்சிஸ்கோவில் தம் 73-ஆவது வயதில் காலமானார். அந்த வாரத்தில், சிறுவயதில் என்னோடு ஒரே ஆசிரியரிடம் மிருதங்கம் கற்ற நண்பர் தொலைபேசியில் அழைத்து, "அந்தப் பழைய மூணு தட்டையும் முதல்லேர்ந்து ஒரு தடவை கேட்டுடுவோம், வாப்பா" என்றார். இங்கே சிங்கப்பூரில், அவருடைய ஈசூன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் கூடத் தொடங்கினோம். அவரிடம் இசைத்தட்டுகள் இருந்தன. யாழ்ப்பாண வழிவந்த இன்னொரு நண்பர் குறுந்தட்டுகளைக் கொண்டுவந்தார். வயலின் வாசித்த எல். சங்கர் சென்னையில் பிறந்தாலும் யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர் என்பதால், இந்தக் குழுவே தம் ஊர்க்காரர்களுடையது என்பது அவருடைய நெடுநாள் வாதம். என்னிடம் இருந்தவை கேசட்டுகள். வீட்டுக்கார நண்பரின் மகள் கைப்பேசியில் கேட்பவர். ஆக, எல்லா வடிவங்களும் ஒரே கூடத்தில் கூடிவிட்டன.

சக்தியின் முதல் தொகுப்பு, 1975 ஜூலை 5-ஆம் நாள் நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில் உள்ள சவுத்தாம்ப்டன் கல்லூரியில் நடந்த கச்சேரியின் நேரடிப் பதிவு. அடுத்த ஆண்டு வெளிவந்தது. அதில் மூன்றே உருப்படிகள். முதல் பக்கத்தில் ஏறத்தாழ 18 நிமிட உருப்படி ஒன்றும் ஐந்து நிமிடத்துக்குச் சற்றுக் குறைவான இன்னொன்றும் உள்ளன. இரண்டாம் பக்கம் முழுவதும் ஒரே உருப்படி, ஏறத்தாழ 29 நிமிடம். இசைத்தட்டின் மேன்மையைப் பேசுவோர் இந்த 29 நிமிடத்தைக் கொஞ்சம் எண்ணிப் பார்க்க வேண்டும். பன்னிரண்டு அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடமே வசதியான அளவு. அதைத் தாண்டினால் ஊசி ஓடும் வரிப்பள்ளங்களை நெருக்கி வெட்ட வேண்டும். நெருக்கி வெட்டும்போது ஒலியின் அளவையும், குறிப்பாகத் தாழ்ந்த ஒலிகளையும் அடக்கியாக வேண்டும். போதாக்குறைக்கு, ஊசி தட்டின் நடுவை நெருங்க நெருங்க ஒவ்வொரு சுற்றிலும் அது கடக்கும் தூரம் குறைந்துகொண்டே வருவதால், விரைவான, கூர்மையான ஓசைகள் அங்கே தெளிவு குன்றுகின்றன. கச்சேரியோ முடிவை நோக்கித்தான் வேகம் எடுக்கும். எங்கே தாளவாத்தியங்கள் நான்கு கால் பாய்ச்சலில் போகின்றனவோ, அங்கே இசைத்தட்டு மூச்சு வாங்குகிறது. அந்தப் பக்கத்தை முதலில் தட்டிலும் பிறகு குறுந்தட்டிலும் அடுத்தடுத்துக் கேட்டபோது, தட்டின் சொந்தக்காரரே எதுவும் பேசாமல் தேநீர் போட எழுந்து போனார்.

கடம் என்ற வாத்தியம் இந்தச் சோதனைக்கு மிகப் பொருத்தமானது. விக்கு விநாயக்ராம் பானையின் வாயை வயிற்றோடு அழுத்தி எழுப்பும் கும்கி ஒரு பக்கம். விரல் நகமும் மோதிரம் அணியும் விரலும் பானையின் கழுத்தில் உண்டாக்கும் உலோகம் போன்ற தெறிப்பு மறுபக்கம். முன்னது தாழ்ந்த ஒலி, பின்னது கண்ணிமைக்கும் நேரத்தில் எழுந்து அடங்குவது. கைப்பேசியின் சின்ன ஒலிபெருக்கியில் கும்கி என்பதே இராது. குறைந்த அளவுக்குச் சுருக்கப்பட்ட எம்பி3 கோப்பில் தெறிப்பின் முனை மழுங்கிவிடும். சுருக்கும் முறை, திடீரென எழும் ஓசைக்கு முன்னும் பின்னும் ஒரு மெல்லிய இரைச்சலைப் பூசிவிடுகிறது. நல்ல இயர்போனில், இணைய இசைச்சேவை தரும் உயர்ந்த தரத்தைத் தேர்ந்தெடுத்துக் கேட்டால் இந்தக் குறைகள் பெரும்பாலும் மறைந்துவிடுகின்றன என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்கச் சொன்னபோது, குறுந்தட்டுக்கும் நண்பரின் மகளுடைய கைப்பேசிக்கும் எங்கள் மூன்று கிழட்டுக் காதுகளால் வேறுபாடு சொல்ல முடியவில்லை. அறுபதைத் தாண்டியவர்களின் காதை நம்பி ஒலித்தரம் பற்றித் தீர்ப்பு எழுதுவது எவ்வளவு சரி என்பதும் ஒரு கேள்வி.

என்னுடைய கேசட்டைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. 1980-களின் தொடக்கத்தில் என் அண்ணன், செம்பவாங் கப்பல் பட்டறையில் உடன் வேலை பார்த்த ஒருவரிடமிருந்து இசைத்தட்டை இரவல் வாங்கி ஒரு சி-60 நாடாவில் பதிந்து கொடுத்தார். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம். அந்த 29 நிமிடப் பக்கம் அளவெடுத்துத் தைத்ததுபோல் அதில் பொருந்தியது. இது சட்டப்படி சரியா என்று அன்று எங்களில் யாரும் கேட்டதில்லை. 1987-இல் புதிய பதிப்புரிமைச் சட்டம் வரும்வரை சிங்கப்பூரில் கள்ள நாடாக்கள் கடைவீதிகளில் வெளிப்படையாகவே விற்றன. இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. அந்த நாடாவை நாற்பது ஆண்டுகளாக, பட்டை தளர்ந்தால் பென்சிலை விட்டுச் சுற்றி, அழுத்தும் சிறு பஞ்சு உதிர்ந்தபோது வேறொரு கேசட்டிலிருந்து பெயர்த்து ஒட்டி, நம் ஊர்ப் புழுக்கத்தில் பூஞ்சை பிடிக்காமல் அரிசி டப்பாவுக்குள் வைத்துக்கூடக் காப்பாற்றி வந்தேன். ஒலி என்று பார்த்தால் அது நாங்கள் கேட்டவற்றுள் கடைசி இடம்தான். மெல்லிய ஒலி எங்கே முடிகிறது, நாடாவின் சீறல் எங்கே தொடங்குகிறது என்று பிரித்தறிய இயலாது. ஆனால் அதன் அட்டையின் உள்பக்கத்தில் அண்ணன் நீல மையில், இசைத்தட்டின் உறையைப் பார்த்துத் தமிழில் எழுதியிருந்தார்: கிட்டார் ஜான் மெக்லாக்ளின், வயலின் எல். சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். எழுதிய கை இன்று இல்லை.

அந்த அட்டையும் இன்று இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு பெட்டி நிறையக் கேசட்டுகளைக் கணினிக் கோப்புகளாக மாற்றித் தருமாறு ஒரு கடையில் கொடுத்தேன். நாடாக்கள் பத்திரமாகத் திரும்பின. கோப்புகள் ஒரு யுஎஸ்பி குச்சியில் வந்தன. அவற்றின் பெயர்கள் "டிராக் 01", "டிராக் 02" என்று வரிசையாகப் போயின. அட்டைகளையும் பிளாஸ்டிக் உறைகளையும் தூக்கி எறிந்துவிட்டார்கள். கேட்டதற்கு, "உள்ளே இருந்த பாட்டு எல்லாம் வந்திருக்குல்ல அங்கிள்?" என்று அந்த இளைஞர் உண்மையான வியப்போடு கேட்டார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. பாட்டு என்பது ஒலி மட்டுமே, பெயர் அதன் பொட்டலத்தைச் சேர்ந்தது என்றுதான் இந்தக் காலம் அவருக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறது.

இந்தப் போக்கின் விளைவை எங்கள் ஞாயிறுகளில் ஒன்றில் நேரிலேயே கண்டோம். நண்பரின் மகள் முதல் தொகுப்பைக் கைப்பேசியில் ஓடவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தபோது, "இதுல தபலாவும் கடமும் இல்லாம இன்னொரு மேளம் கேட்குதே, அது யாரு மாமா?" என்று என்னைக் கேட்டார். கூர்மையான காது. அவர் திரையில் தேடினார். குழுவின் பெயர் இருந்தது, மெக்லாக்ளின் பெயர் இருந்தது. மூன்று புள்ளிகளைத் தட்டியதும் இயற்றியவர்கள் யார் என்று வந்தது. மிருதங்கம் வாசித்தவரைக் காணவில்லை. குறுந்தட்டின் சிறு கையேட்டைப் பிரித்தபோதுதான், பூதக்கண்ணாடி தேவைப்படும் எழுத்தில், ராம்நாட் ராகவன் கிடைத்தார்.

பெயர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று சிலர் கேட்கலாம். தெரிந்தால் கேட்பதே மாறுகிறது. 1976-இல் பதிவான இரண்டாம் தொகுப்பைப் போட்டதும், குழுவின் ஒலி ஏதோ விதத்தில் மெலிந்து, அதே சமயம் இன்னும் விரைவாக ஓடுவதுபோல் எங்கள் அனைவருக்கும் பட்டது. அது நேரடிக் கச்சேரி, இது லண்டன் ஒலிப்பதிவுக்கூடம், அதனால் இருக்கலாம் என்று தொடக்கத்தில் நினைத்தோம். அதுவும் ஒரு காரணம்தான். ஆனால் உறையைப் பார்த்தால் ஐவர் நால்வராகியிருப்பது தெரிகிறது. மிருதங்கம் வாசித்த ராகவன் இல்லை. அவர் தாங்கிய இடத்தை விநாயக்ராமும் ஜாகிர் உசேனும் பங்கிட்டுக்கொள்கிறார்கள்; அந்தத் தொகுப்பு சொற்கட்டோடு, அதாவது வாயால் சொல்லும் தாளச் சொற்களோடு, தொடங்குவதும்கூட, கலைஞர் ஒருவர் குறைந்த இடத்தில் குரலைக் கொண்டுவந்து நிறுத்தியதுபோல் எனக்குத் தோன்றியது. இது என் சொந்த ஊகம். ஆனால் இப்படி ஊகிப்பதற்கே பெயர்ப்பட்டியல் வேண்டியிருக்கிறது. கைப்பேசியின் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு முதல் தொகுப்பிலும் இரண்டாவதிலும் 1977-இல் வந்த மூன்றாவதிலும் "சக்தி" என்ற ஒரே சொல்தான் தெரியும்.

பின்னாளில் இந்தக் குழு மறுபடி கூடியபோது இந்தச் சிக்கல் இன்னும் பெருகியது. 1999-இல் "ரிமெம்பர் சக்தி" என்ற பெயரில் வெளிவந்த இரட்டைக் குறுந்தட்டில் எல். சங்கர் இல்லை, ஹரிபிரசாத் சௌராசியாவின் புல்லாங்குழல் இருக்கிறது. அதற்கடுத்த தொகுப்புகளில் யு. ஸ்ரீநிவாசின் மேண்டலினும் செல்வகணேஷின் கஞ்சிராவும் வருகின்றன. செல்வகணேஷ் விக்கு விநாயக்ராமின் மகன் என்பதும், விநாயக்ராமின் தந்தை டி.ஆர். ஹரிஹர சர்மா சென்னையில் தாளவாத்தியங்களுக்கென்றே ஒரு பள்ளி நடத்தியவர் என்பதும் தெரிந்து கேட்பவர், தகப்பன் விட்ட இடத்தில் மகன் கஞ்சிராவை எடுத்துக்கொண்டு உட்காருவதைக் கேட்கிறார். ஸ்ரீநிவாஸ் 2014 செப்டம்பரில் 45 வயதில் மறைந்தார் என்பது தெரிந்தவருக்கு, 2023-இல் வந்து மறு ஆண்டு கிராமி விருது பெற்ற தொகுப்பில் மேண்டலின் இல்லாத இடமும் கேட்கிறது.

அந்த இரட்டைக் குறுந்தட்டைப் பற்றி இன்னொன்று. அதன் இரண்டாம் தட்டில் ஓர் உருப்படி மட்டும் ஒரு மணி நேரத்தைத் தாண்டுகிறது. குறுந்தட்டில் 74 நிமிடம் இடைவெட்டு இல்லாமல் கேட்கலாம்; அதையே இசைத்தட்டில் போட்டால் மூன்று முறை எழுந்து திருப்ப வேண்டியிருக்கும். ஆலாபனை ஒரு பக்கம், தனி ஆவர்த்தனம் இன்னொரு பக்கம் என்று கூறுபோடுவதற்கு நம் கச்சேரி ஒன்றும் கேக் கிடையாது. ஆகவே, காதுக்காக மட்டும் தீர்ப்புச் சொல்லச் சொன்னால், இந்தக் குழுவுக்கு ஏற்ற வடிவம், இன்று யாரும் சீந்தாத, தேக்காவில் ஐந்து வெள்ளிக்கும் கீழே கேட்பாரற்றுக் கிடக்கும் அந்தக் குறுந்தட்டுதான் என்பேன். மூன்று, நான்கு நிமிடப் பாட்டுகள் கொண்ட வேறு குழுவுக்கு இசைத்தட்டே சிறந்ததாக இருக்கலாம். வடிவத்தைத் தீர்மானிக்க வேண்டியது அந்தத் தொகுப்பின் நீளமும் வாத்தியங்களும். கடைக்காரரின் அலமாரி அழகு இதில் எங்கே வருகிறது?

சட்டம் இந்தப் பெயர் விஷயத்தில் நம்மைவிட ஒருபடி முன்னே போயிருக்கிறது. சிங்கப்பூரின் 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், அந்த ஆண்டு நவம்பரில் நடப்புக்கு வந்தபோது, படைப்பாளர்களோடு சேர்த்து நிகழ்த்துகலைஞர்களுக்கும், தங்கள் நிகழ்ச்சி பொதுவில் பயன்படுத்தப்படும்போது தங்கள் பெயர் குறிப்பிடப்படும் உரிமையை வழங்கியது. நான் வழக்கறிஞன் அல்லன். அந்த உரிமை எந்தப் பதிவுக்குப் பொருந்தும், எதற்குப் பொருந்தாது என்று விளக்கும் தகுதியும் எனக்கில்லை. ஆனால், வாசித்தவருக்குப் பெயர் உண்டு என்று ஒரு நாட்டின் சட்டம் எழுதிவைத்திருக்கும்போது, அந்தப் பெயரை அச்சிடுவதற்கு நாம் ஏன் தயங்க வேண்டும்?

இதைச் சொல்லும்போது வெளிநாட்டு நிறுவனங்களின் செயலிகளை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது, ஆசிரியர் அவர்களே. நம் பக்கத்திலேயே இந்தப் பழக்கம் வேரோடியிருக்கிறது. உள்ளூர்க் கச்சேரிகளைப் பற்றி வரும் செய்திகளை எடுத்துப் பாருங்கள். பாடியவர் பெயர், தலைமை தாங்கியவர் பெயர், சிறப்பு விருந்தினர் பெயர், சில சமயம் பொன்னாடை போர்த்தியவர் பெயர்கூட இருக்கும். அடுத்த வரியில் "பக்கவாத்தியக் கலைஞர்கள் சிறப்பாக வாசித்தனர்" என்று முடிந்துவிடும். இரண்டரை மணி நேரம் மிருதங்கத்தோடு மேடையில் உட்கார்ந்திருந்த உள்ளூர் இளைஞருக்கு மறுநாள் பத்திரிகையில் வெட்டி வைத்துக்கொள்ள ஒரு சொல்கூட இல்லை. வானொலியிலும் இசையமைப்பாளர், பாடகர், பாடலாசிரியர் ஆகியோரைச் சொல்கிறார்கள். இடையிசையில் நெஞ்சைப் பிழியும் அந்தப் புல்லாங்குழல் யாருடையது என்று கேட்டால், அறிவிப்பாளருக்கும் தெரிந்திருக்க வழியில்லை.

எனவே தங்களிடம் என் வேண்டுகோள் சிறியது. தங்கள் நாளிதழில் இசைநிகழ்ச்சி பற்றிய செய்தியோ விமர்சனமோ வெளியாகும்போது, மேடையில் இருந்த ஒவ்வொருவரின் பெயரையும் அவர் வாசித்த வாத்தியத்தையும் கட்டாயம் சேர்க்க வேண்டும் என்று செய்தியாளர்களுக்கு ஒரு விதி வகுத்துவிடுங்கள். இடம் போதாது என்றால் பொன்னாடைப் பத்தியைக் குறைத்துக்கொள்ளலாம். பழைய தொகுப்புகளைப் பற்றிக் கட்டுரை எழுதுவோரும், எந்த ஊசியில், எந்த ஸ்பீக்கரில் கேட்டார்கள் என்று ஒரு பத்தி எழுதுவதற்கு முன், யார் யார் வாசித்தார்கள் என்று ஒரு வரி எழுதட்டும்.

வாசகர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியிருக்கிறது. சீனப் புத்தாண்டுக்கோ தீபாவளிக்கோ வீட்டைத் துப்புரவு செய்யும்போது கேசட்டுப் பெட்டிகள்தாம் முதலில் குப்பைத் தொட்டிக்குப் போகின்றன. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் இடம் இல்லை, ஓடவைக்கக் கருவியும் இல்லை. எறிவதைத் தவறென்று சொல்ல மாட்டேன். எறியும் முன் அட்டையை மட்டும் உருவி எடுத்து, இரண்டு பக்கமும் கைப்பேசியில் படம் பிடித்து வையுங்கள். உள்ளூர்க் குழுக்களும் கோயில் நாதஸ்வரக் கலைஞர்களும் 1970, 1980-களில் வெளியிட்ட நாடாக்களாக இருந்தால், படத்தோடு நிற்காமல் அட்டையையே தேசிய நூலக வாரியத்திடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். அவற்றுள் பலவற்றில் யார் வாசித்தார்கள் என்பதற்கு அந்த மூன்று அங்குலத் தாளைத் தவிர வேறு சான்று இருக்காது.

நண்பரின் மகள் இப்போது ஒரு வேலை செய்கிறார். நாங்கள் கேட்டு முடிக்கும் ஒவ்வொரு தொகுப்புக்கும், உறையையும் கையேட்டையும் பார்த்து, தம் கைப்பேசியில் உள்ள கோப்பின் குறிப்புப் பகுதியில் வாசித்தவர்களின் பெயர்களைத் தமிழில் தட்டெழுதி வைக்கிறார். என் யுஎஸ்பி குச்சியில் உள்ள "டிராக் 01"-க்கும் அப்படியே செய்து தந்தார். ஐந்து பெயர்களையும் அண்ணன் எழுதிய அதே வரிசையில் நான் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டார். மற்ற கேசட்டுகளில் பதினேழுக்கு யார் வாசித்தது என்று எங்கள் மூவருக்கும் நினைவில்லை. 1980-களில் சிராங்கூன் சாலைக் கடைகளில் விற்ற உள்ளூர்த் தவில், நாதஸ்வர நாடாக்களின் அட்டை தங்கள் வாசகர் எவரிடமாவது இருக்குமானால், தங்கள் அலுவலகம் வழியாகத் தெரிவித்தால் நாங்கள் நேரில் வந்து படியெடுத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
அங் மோ கியோ வாசகர் ஒருவர்